மேபல் நார்மண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லி சாப்ளினின் 1914-ஆம் ஆண்டுக் குறும்படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள், அவற்றுள் பலவற்றின் தலைப்பிலேயே 'மேபல்' என்ற பெயர் இருப்பதைக் கண்டு, யார் இவர் என்று கேட்பதுண்டு. அந்தக் காலத்தில் அந்தப் பெயருக்காகவே மக்கள் திரையரங்குக்கு வந்தார்கள். சாப்ளின் அப்போது புதுமுகம். மேபல் நார்மண்டைப் பற்றி எழும் கேள்விகளுள் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

மேபல் நார்மண்ட் யார்?

அமெரிக்க மௌனப்படத்தின் முதல் பெரும் நகைச்சுவை நடிகைகளுள் ஒருவர்; இருபத்தொரு வயதிலேயே தாம் நடிக்கும் படங்களைத் தாமே இயக்கியவர்; பின்னர்த் தம் பெயரிலேயே ஒரு படக் கம்பெனியும் படப்பிடிப்புத் தளமும் அமையப் பெற்றவர். 1892 நவம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கனடிய வழியினர், தாய் அயர்லாந்து வழியினர். வசதியான குடும்பம் அன்று. பழைய கட்டுரைகளில் அவர் பிறந்த ஆண்டு 1894 என்றும் 1895 என்றும் காணப்படுவதற்கு, நடிகையின் வயதைச் சற்றுக் குறைத்துச் சொல்லும் திரையுலக வழக்கமே காரணம். ஏறத்தாழ 1910 முதல் 1927 வரை இருநூறை ஒட்டிய படங்களில் நடித்தார். அவற்றுள் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு ரீல் (ஒரு ரீல் என்பது கால்மணி நேரத்துக்குள் ஓடும் ஃபிலிம் சுருள்) அளவுள்ள குறும்படங்கள். 1930 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தேழு வயதில், காசநோயால் இறந்தார்.

நாடக மேடை அனுபவம் இல்லாதவர் திரைக்கு எப்படி வந்தார்?

ஓவியர்களுக்கு மாடலாக நிற்பதுதான் அவருடைய முதல் தொழில். சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் போன்ற புகழ்பெற்ற பத்திரிகை ஓவியர்களுக்கு மணிக்கணக்கில் அசையாமல் நின்று சம்பாதித்தார். அங்கிருந்து நியூயார்க்கில் இயங்கிய பயோகிராஃப், வைட்டகிராஃப் ஆகிய கம்பெனிகளுக்குச் சென்றார். வைட்டகிராஃபில் 'பெட்டி' என்ற துடுக்கான பெண்ணாகச் சில நகைச்சுவைப் படங்களில் நடித்தார். பயோகிராஃபில் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் இயக்கத்தில் சோகப் பாத்திரங்களும் ஏற்றார். அந்தக் கம்பெனியிலேயே நடிகராக இருந்து இயக்குநராக உயர்ந்த மேக் சென்னட்டுடன் பழக்கம் ஏற்பட்ட பிறகுதான் அவருடைய பாதை முழுவதுமாக நகைச்சுவையின் பக்கம் திரும்பியது.

அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தவை நீச்சலும் அச்சமின்மையும். 1911-இல் வெளிவந்த 'தி டைவிங் கேர்ள்' அவருடைய நீச்சல் திறமையை வைத்தே எடுக்கப்பட்டது. 1912-இல் 'எ டேஷ் த்ரூ தி கிளவுட்ஸ்' படத்துக்காக, மூடிய அறையோ கதவோ இல்லாத அக்கால ரைட் விமானத்தில், விமானி ஃபிலிப் பார்மலீயின் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தார். படம் திரைக்கு வருவதற்குள் அந்த விமானி வேறொரு விபத்தில் இறந்துபோனார் என்பதை வைத்துப் பார்த்தால், படப்பிடிப்பில் இருந்த ஆபத்து எத்தகையது என்பது விளங்கும்.

கீஸ்டோன் என்பது என்ன?

நியூயார்க்கைச் சேர்ந்த கெஸல், பாமன் என்ற இரு முதலாளிகளின் பணத்தில் சென்னட் 1912-இல் தொடங்கிய நகைச்சுவைப் படக் கம்பெனி. லாஸ் ஏஞ்சலிஸின் ஈடன்டேல் பகுதியில் அதன் தளம் இருந்தது. முதன்முதலாக வெளியிட்ட படங்களிலேயே ஒன்று, நீச்சலுடையில் மேபல் தோன்றிய 'தி வாட்டர் நிம்ஃப்'. ஓட்டமும் துரத்தலும் அடியும் விழுதலுமே கீஸ்டோனின் சரக்கு. முழுமையாக எழுதப்பட்ட திரைக்கதை இராது. ஊரில் கார்ப் பந்தயமோ ஊர்வலமோ நடந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், நடக்கிற நிகழ்ச்சியையே பின்னணியாக்கிக் கதையை அங்கேயே உண்டாக்கிவிடுவார்கள். எக்கோ பார்க் ஏரியின் நீரை நகர நிர்வாகம் வெளியேற்றியபோது, சேறு மட்டும் மிஞ்சிக் கிடந்த அந்த ஏரிக்குள் நடிகர்களை இறக்கி 'எ மடி ரொமான்ஸ்' என்ற படத்தை 1913-இல் எடுத்து முடித்தார்கள். அந்தச் சேற்றில் காதலனோடு மாட்டிக்கொண்ட கதாநாயகி மேபல்தான்.

அவர் உண்மையிலேயே படங்களை இயக்கினாரா, அல்லது அது பெயரளவுக்கு மட்டுமா?

இயக்கினார். 1913 டிசம்பரிலேயே, மேபல் இனித் தாம் நடிக்கும் படங்களைத் தாமே இயக்கப் போகிறார் என்ற செய்தி அமெரிக்கத் திரைத்தொழில் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. 1914-இல் வெளிவந்த 'வன் இன் எ கிளாசட்', 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்', 'காட் இன் எ காபரே', 'மேபல்ஸ் பிளண்டர்' முதலியன அவர் இயக்கியவையாகக் கொள்ளப்படுகின்றன. 'மேபல் அட் தி வீல்' படத்தில் அவர் பெயரோடு சென்னட்டின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுவதற்கு நியாயமான ஒரு காரணமும் நியாயமற்ற ஒரு காரணமும் உண்டு. நியாயமானது: கீஸ்டோன் படங்களில் இயக்குநர் பெயரைத் திரையில் போடும் வழக்கம் இல்லாததால், எந்தப் படத்தை யார் இயக்கினார் என்பதைப் பத்திரிகைச் செய்திகள், கம்பெனியின் தாள்கள், பிற்கால நினைவுக்குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஆகவே பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. நியாயமற்ற காரணம், இந்தச் சந்தேகம் ஏறக்குறைய அவர் ஒருவர் மீதே விழுவது. அதே கம்பெனியில், அதே ஆண்டில், அதே போலப் பெயர் போடாமல் படம் இயக்கிய ஹென்றி லேர்மனையோ ராஸ்கோ ஆர்பக்கிளையோ பார்த்து, உண்மையில் நீர்தான் இயக்கினீரா என்று யாரும் கேட்பதில்லை. சென்னட் எல்லாப் படங்களிலும் தலையிட்டார், படத்தொகுப்பு அவர் மேற்பார்வையில் நடந்தது என்பது சரியே. ஆனால் அது அங்கே வேலை செய்த எல்லா இயக்குநருக்கும் பொதுவான நிலைமை.

ஒரு பெண் இயக்குநராக இருப்பது அந்த ஆண்டுகளில் விந்தையாகவும் கருதப்படவில்லை. ஆலிஸ் கீ-பிளாஷே 1890-களிலேயே பிரான்சில் படம் இயக்கத் தொடங்கி, பின்னர் அமெரிக்காவில் சொந்தத் தளமே வைத்திருந்தார். லோயிஸ் வெபர் பெரிய கம்பெனிகளில் மதிப்புமிக்க இயக்குநராக விளங்கினார். சினிமா பெருமுதலீட்டுத் தொழிலாக மாறிய 1920-களில்தான் பெண்களுக்கு இயக்குநர் நாற்காலி கிட்டத்தட்ட இல்லாமற் போனது. மேபல் இயக்கியது அந்தக் கதவு மூடுவதற்கு முந்திய காலம்.

சாப்ளினுக்குத் திரைக்கலையைக் கற்றுக்கொடுத்தவர் மேபல்தான் என்கிறார்களே? இருவருக்கும் சண்டை என்றும் சொல்கிறார்களே?

இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

1913 டிசம்பரில், வாரம் 150 டாலர் சம்பளத்தில், இங்கிலாந்து மேடை நடிகரான சாப்ளின் கீஸ்டோனில் சேர்ந்தார். அவருடைய முதல் படம் சென்னட்டுக்கு நிறைவளிக்கவில்லை. அதற்குப் பின், மேபலின் ஹோட்டல் படம் ஒன்றுக்காக ஏதாவது வேடிக்கையான வேடம் போட்டு வரும்படி சொல்லப்பட்டபோதுதான் தொளதொளத்த கால்சட்டையும், இறுக்கமான கோட்டும், சிறு மீசையும், கைத்தடியும் பிறந்தன. அந்தப் படம் 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்'. அதே வேடத்தில் எடுத்த கார்ப் பந்தயப் படம் 1914 பிப்ரவரி 7 அன்றும், இது இரண்டு நாள் கழித்து 9-ஆம் தேதியும் வெளிவந்ததால், சாப்ளினின் புகழ்பெற்ற 'நாடோடி' வேடம் முதலில் தோன்றிய படம் எது என்ற குழப்பம் இன்னும் தொடர்கிறது. வேடம் உருவானது மேபலின் படத்துக்காக. மக்கள் முதலில் பார்த்தது மற்றதில்.

அந்த ஹோட்டல் படத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. குடிபோதையில் இருக்கும் சாப்ளின் ஹோட்டல் முன்கூடத்தில் எல்லோரோடும் தகராறு செய்கிறார். சாதாரணமாகக் கீஸ்டோன் காட்சி பத்தடி ஃபிலிமைத் தாண்டுவது அரிது என்றும், தம்முடைய அந்தக் காட்சி எழுபத்தைந்து அடி ஓடியது என்றும், அதை முழுதாக விடலாமா என்று விவாதம் நடந்தது என்றும் சாப்ளின் தம் தன்வரலாற்றில் பெருமையோடு எழுதுகிறார். அந்த நீளத்தை அனுமதித்த படத்தின் இயக்குநர் யார் என்பதை மட்டும் அவர் அங்கே சொல்லவில்லை. மாடியில், இரவு உடையோடு நாயுடன் விளையாடிக்கொண்டிருந்த மேபல், அறைக்கு வெளியே வந்ததும் கதவு பூட்டிக்கொள்ள, எதிர் அறைக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் ஒளிகிறார். கீழே நடப்பது சாப்ளினின் தனிக்கச்சேரி. கதையை இழுத்துச் செல்வது மேலே நடப்பது.

சண்டை வந்தது 'மேபல் அட் தி வீல்' படப்பிடிப்பில். வில்லனான சாப்ளின் சாலையில் நீர் பாய்ச்சி, பந்தயக் காரை வழுக்கச் செய்ய வேண்டும். குழாயைத் தாமே மிதித்துக்கொண்டு, நீர் ஏன் வரவில்லை என்று முனையை உற்றுப் பார்க்கும்போது காலை எடுத்துவிட, முகத்தில் நீர் பீய்ச்சியடிப்பதாக வைத்துக்கொள்ளலாம் என்றார் சாப்ளின். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்று மேபல் மறுத்துவிட்டார். சாப்ளின் சாலையோரத்தில் உட்கார்ந்து, இனி நடிக்க மாட்டேன் என்றார். மேபல் அழகானவர், அன்பானவர், ஆனால் இயக்குநராக அவர் திறமையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1964-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியதே இன்றுவரை பலர் வாயிலும் மேற்கோளாக நிற்கிறது.

இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாப்ளின் சொன்ன அந்த வேடிக்கை, லூமியேர் சகோதரர்கள் 1895-இல் எடுத்த தோட்டக்காரன் படத்திலேயே வந்துவிட்டது; திரையின் மிகப் பழைய நகைச்சுவை அதுதான் என்று சொல்லலாம். வெளிப்புறப் படப்பிடிப்பில், வெளிச்சம் போவதற்குள் காட்சியை முடிக்க வேண்டிய இயக்குநர் அதை ஒதுக்கினார் என்றால், அதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுபக்கத்தில், இருபத்தொரு வயதுப் பெண்ணிடம் உத்தரவு கேட்பதே தமக்கு எரிச்சலாக இருந்தது என்பதைச் சாப்ளினும் அவ்வளவாக மறைக்கவில்லை.

விவகாரம் முடிந்த விதம் வணிகக் கணக்கு. சாப்ளினை வேலையிலிருந்து நீக்கும் எண்ணத்தில் இருந்த சென்னட்டுக்கு, சாப்ளின் படங்கள் நன்றாகப் போகின்றன, இன்னும் அனுப்புங்கள் என்று நியூயார்க்கிலிருந்து தந்தி வந்தது. சாப்ளின் மேபலோடு ஒத்துழைத்துப் படத்தை முடிக்க ஒப்புக்கொண்டார். பதிலுக்குத் தாமே படம் இயக்கும் வாய்ப்பைக் கேட்டுப் பெற்றார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் இருவரும் நல்ல நண்பர்களாகவே, மொத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தார்கள். ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'டில்லீஸ் பங்க்சர்ட் ரொமான்ஸ்' என்ற ஆறு ரீல் முழுநீள நகைச்சுவைப் படத்தில், மேரி டிரெஸ்லரை ஏமாற்றும் மோசடிக்காரனாகச் சாப்ளினும் அவன் கூட்டாளியாக மேபலும் வருகிறார்கள். கற்றுக்கொடுத்தாரா என்றால், கேமராவுக்கு முன் நடிப்பை எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை, மேடையிலிருந்து வந்த ஒருவர் மேபலைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள நிறையவே வாய்ப்பு இருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

முகத்தில் 'பை' (pie) என்ற கிரீம் பண்டத்தை எறியும் காட்சியைத் தொடங்கி வைத்தவர் அவரா?

1913-இல் வெளிவந்த 'எ நாய்ஸ் ஃப்ரம் தி டீப்' படத்தில் அவர் ஆர்பக்கிள் மீது பை எறிந்ததுதான் முதல் என்று நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். 1909-இல் வந்த 'மிஸ்டர் ஃபிளிப்' படத்திலேயே நடிகர் பென் டர்பின் முகத்தில் பை அப்பப்படுகிறது. ஆகவே முதல் இல்லை.

அவருடைய நகைச்சுவையில் தனித்தன்மை என்ன?

அந்தக் காலத்துப் பெண் நகைச்சுவை பெரும்பாலும் உருவத்தை நம்பியிருந்தது. ஒல்லியான உடலைக் கொண்டு சிரிக்க வைத்தவர் ஃபுளோரா ஃபிஞ்ச்; பருத்த உடலைக் கொண்டு சிரிக்க வைத்தவர் மேரி டிரெஸ்லர். அழகான பெண் என்றால் காதலிக்கப்பட வேண்டியவள், சிரிப்புக்கு உரியவள் இல்லை என்பது எழுதப்படாத விதி. மேபல் அழகாகவே இருந்துகொண்டு, சேற்றில் விழுந்தார், மரத்தில் ஏறினார், தண்டவாளத்தில் கட்டிப் போடப்பட்டார்.

ஆனால் விழுவதில் மற்றவர்களும் கெட்டிக்காரர்களே. மேபலிடம் மட்டும் இருந்தது, விழுவதற்கு ஒரு நொடி முன்னும் பின்னும் முகத்தில் ஓடும் எண்ணம். 'மேபல்ஸ் பிளண்டர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வேலை செய்யும் மேபலுக்கும் முதலாளியின் மகனுக்கும் காதல். முதலாளிக்கும் அவர் மீது ஒரு கண். திடீரென்று ஒரு பெண் வந்து காதலனைக் கட்டியணைக்கிறாள். அதை ஒளிந்து பார்க்கும் மேபலின் முகத்தில் முதலில் நம்பாமை, பிறகு அடிபட்ட வேதனை, அதற்கும் பிறகு 'இருடா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்' என்ற முடிவு, எல்லாம் கைகால் அசைவு பெரிதாக இல்லாமலே வந்து போகின்றன. பிறகு கார் ஓட்டுநரோடு உடையை மாற்றிக்கொண்டு, ஆண் வேடத்தில் அவர்களைப் பின்தொடர்கிறார். மேபலின் உடையில் இருக்கும் ஓட்டுநரை மேபல் என்றே எண்ணி முதலாளி வழிகிறார். கடைசியில், வந்த பெண் காதலனின் தங்கை என்று தெரிகிறது. கதை எளியதுதான். சுற்றியிருப்பவர்கள் கீஸ்டோன் பாணியில் கைகளை வீசிக் கண்ணை உருட்டும்போது, அவர் மட்டும் நினைப்பதை நடிக்கிறார். அப்படி நினைக்க இடம் கொடுத்துக் காட்சியை நிறுத்தியதும் இயக்குநரான அவரே. இந்தப் படம் 2009-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

ஆர்பக்கிளோடு நடித்த படங்கள் எப்படிப்பட்டவை?

'ஃபாட்டி' என்று அழைக்கப்பட்ட ராஸ்கோ ஆர்பக்கிளும் மேபலும் கணவன் மனைவியாகவோ காதலர்களாகவோ வரும் படங்கள் 1915, 1916-இல் மிகுந்த வரவேற்பைப் பெற்றன. இவற்றுள் 'ஃபாட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' தனியாகச் சொல்லத்தக்கது. புதுமணத் தம்பதியர் கடற்கரையோர வீட்டில் குடியேற, பொறாமைக்காரன் ஒருவன் அந்த வீட்டையே கடலுக்குள் தள்ளிவிடுகிறான். அதற்கு முந்தைய இரவில், உறங்கும் மேபலின் அருகே கணவன் வராமலே, சுவரில் விழும் அவன் நிழல் மட்டும் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டு விலகும் ஒரு காட்சி வருகிறது. உதைத்துத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனியிலிருந்து அப்படியொரு மென்மை வந்தது வியப்புத்தான். அந்தப் படத்தை இயக்கியவர் ஆர்பக்கிள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'மிக்கி' ஏன் முக்கியமான படம்?

1916-இல் மேபலின் பெயரில் தனிக் கம்பெனி ஏற்படுத்தப்பட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கென்றே தளமும் அமைந்தது. அங்கே எடுத்த ஒரே படம் 'மிக்கி'. முதலில் பேசப்பட்ட இயக்குநர்கள் மாறி, எஃப். ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இளைஞர் அதை இயக்கினார். சுரங்க ஊரில் ஆண்பிள்ளை போல வளர்ந்த அநாதைப் பெண் நகரத்து உறவினர் வீட்டில் வேலைக்காரியாக்கப்படுவதும், பின்பு குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி உடையோடு தானே குதிரை ஏறுவதும் கதை. படம் முடிந்த பின்னும் நெடுங்காலம் பெட்டியில் கிடந்தது. 1918-இல் வெளிவந்ததும் பெரு வெற்றி பெற்றது. அதே பெயரில் ஒரு பாட்டும் அச்சாகி, மேபலின் படத்தோடு விற்பனையானது.

அவர் ஏன் தொடர்ந்து இயக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, வெளிவந்த தேதிகளே பாதி விடையைத் தரும். 'மிக்கி' வெளிவருவதற்கு முன்பே அவர் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினிடம் ஒப்பந்தமாகியிருந்தார். அங்கே கதை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் தனித்தனி ஆட்களின் பொறுப்பு. நட்சத்திரத்தின் வேலை நடிப்பது மட்டுமே. சம்பளம் உயர்ந்தது, அதிகாரம் குறைந்தது.

வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் கொலையில் அவருக்குத் தொடர்பு உண்டா?

இல்லை. இயக்குநரான டெய்லர் அவருடைய நெருங்கிய நண்பர். 1922 பிப்ரவரி 1 மாலை மேபல் அவர் வீட்டுக்குப் போய், ஒரு புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு கிளம்பினார்; மறுநாள் காலை டெய்லர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். கொலையாளியைத் தவிர்த்தால் அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர் மேபல். காவல்துறை அவரை விசாரித்து விட்டுவிட்டது. வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. 1924 புத்தாண்டு நாளில் மேபலின் கார் ஓட்டுநர், மேபலின் துப்பாக்கியாலேயே கோர்ட்லண்ட் டைன்ஸ் என்ற செல்வந்தரைச் சுட்டுக் காயப்படுத்தியது அடுத்த இடி. இதற்கிடையே, ஒரு நடிகையின் மரணத்துக்காக மூன்று முறை விசாரிக்கப்பட்ட ஆர்பக்கிள், குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்ட பிறகும் திரையிலிருந்து ஒதுக்கப்பட்டார். அவரோடு சேர்ந்து நடித்த மேபலின் படங்களும் அந்த நிழலுக்குள் போயின. அவரைப் பற்றிய நூல்களிலும் கட்டுரைகளிலும் படங்களைவிட அந்தத் துப்பாக்கிகளுக்கே அதிகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே இவ்வளவு போதும்.

கடைசி ஆண்டுகள் எப்படிக் கழிந்தன?

'மாலி ஓ' (1921), 'சுசானா' (1923), 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்' (1923) ஆகிய மூன்றிலும் சென்னட்டின் தயாரிப்பில் நடித்தார். 1926-இல் ஹால் ரோச் கம்பெனியில் சில குறும்படங்கள். அவற்றுள் 'தி நிக்கல் ஹாப்பர்' படத்தில், பின்னாளில் லாரல்-ஹார்டி இணையால் புகழ்பெற்ற ஆலிவர் ஹார்டி தலைகாட்டுகிறார். அதே ஆண்டு செப்டம்பரில் நடிகர் லூ கோடியை மணந்தார். அப்போதே காசநோய் முற்றியிருந்தது. மன்ரோவியாவில் இருந்த காசநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பேசும்படம் வந்துவிட்டிருந்தது, அவர் ஒன்றிலும் நடிக்கவில்லை.

இன்று எந்தப் படங்கள் பார்க்கக் கிடைக்கின்றன? எதில் தொடங்கலாம்?

பல படங்கள் அழிந்துவிட்டன. கோல்ட்வினுக்காக நடித்தவற்றில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. சாப்ளினோடு நடித்த கீஸ்டோன் படங்கள், சாப்ளினின் புகழால் காப்பாற்றப்பட்டு, 2010-இல் ஐரோப்பிய ஆவணக்காப்பகங்களின் கூட்டு முயற்சியில் சீர்செய்து வெளியிடப்பட்டன. அதே ஆண்டு நியூசிலாந்தின் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்ட அமெரிக்கப் படங்களுள் 'வன் இன் எ கிளாசட்' இருந்தது. அவர் இயக்கி இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது அதுவே.

தொடங்குபவர்கள் முதலில் 'மேபல்ஸ் பிளண்டர்' பார்க்கலாம். ஒரே ரீல், கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 'ஃபாட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்'. முழுநீளப் படம் வேண்டுமென்றால் 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்'. நடிகையாகும் ஆசையோடு ஹாலிவுட் வந்து உடையலங்காரப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணாக வரும் மேபல், சிங்க வேடம் போட்ட நாய் என்று எண்ணி நிஜச் சிங்கத்தையே கயிற்றில் பிடித்துத் தளம் முழுக்க இழுத்துக்கொண்டு திரிகிறார். இணையத்தில் உலவும் பிரதிகளில் பல தவறான வேகத்தில் ஓடுகின்றன. முகபாவமே உயிரான நடிப்பு அதில் வெறும் துள்ளலாகிவிடும் என்பதால், ஆவணக்காப்பகங்கள் வெளியிட்ட பிரதிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.